கத்தாரில் ஆம்புலன்ஸ் வேலைக்கு உடம்பைத் தயார் செய்ய: ஜிம்மா, கார்னிஷா, மாடிப்படியா?

ஊரில் 108 வண்டியில் வேலை பார்த்த அனுபவத்தோடோ, பாராமெடிக் படிப்பை முடித்த கையோடோ தோஹாவுக்கு வரும் தம்பி தங்கைகள் முதலில் கேட்பது உரிமத் தேர்வைப் பற்றி. சான்றிதழ் சரிபார்ப்பு, கணினி வழித் தேர்வு என்று அதற்கு ஒரு வழி இருக்கிறது, சொல்லிக்கொடுக்கவும் ஆட்கள் நிறைய இருக்கிறார்கள். அடுத்ததாகக் கேட்பது உடம்பைப் பற்றி. "அண்ணா, இந்த வெயிலில் எங்கே போய் ஓடுவது? ஜிம்மிலேயே ஓடினால் போதுமா?" இந்தக் கேள்விக்கு ஆளுக்கொரு பதில் சொல்கிறார்கள். ஒருவர் ஜிம் போதும் என்பார். இன்னொருவர் வெயிலில் வேலை செய்யப்போகிறவன் வெயிலில்தான் பயிற்சி எடுக்க வேண்டும் என்பார். இரண்டிலுமே பாதி உண்மை இருக்கிறது. எந்தப் பாதியை எப்போது எடுத்துக்கொள்வது என்பதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

முதலில் ஒரு நம்பிக்கையைத் தள்ளி வைத்துவிடுவோம். "நாம வெயில்ல பிறந்து வளர்ந்தவங்க, நமக்கு இதெல்லாம் சாதாரணம்" என்று வேலூர்க்காரரும் சொல்கிறார், திருச்சிக்காரரும் சொல்கிறார். வெப்பத்தைத் தாங்கும் திறன் பிறப்போடு வந்து நிலைத்துவிடுவதில்லை. உடம்பு சூடேறி வியர்க்கும்படி தினமும் வெப்பத்தில் இயங்கினால் ஒன்று முதல் இரண்டு வாரத்தில் அது வரும். முதல் ஐந்தாறு நாளில் ரத்தத்தின் நீர்ப்பகுதி கூடி, இதயத் துடிப்பு கொஞ்சம் அடங்கும். அதற்கு அடுத்த வாரத்தில் வியர்வை சீக்கிரமாகவும் அதிகமாகவும் வரத் தொடங்கும். அதில் போகும் உப்பும் குறையும். வெப்பத்தை விட்டு விலகினால் இந்தத் திறன் நாளுக்கு ஏறத்தாழ 2.5 சதவீதம் என்ற கணக்கில் கரையும். ஒரு மாதம் ஏசி அறையில் உட்கார்ந்து தேர்வுக்குப் படித்தவரிடம், ஊர் வெயில் கொடுத்ததில் பெரும்பகுதி மிஞ்சியிருக்காது.

தோஹா வெயிலும் நம் ஊர் வெயிலும் ஒன்றல்ல. ஆகஸ்டில் இங்கே பகல் உச்சம் சராசரியாக 41 டிகிரியைத் தொடும். அதைக்கூடச் சமாளித்துவிடலாம். இரவிலும் 31 டிகிரிக்குக் கீழே இறங்காமல், கடல் ஈரமும் சேர்ந்து நிற்பதுதான் கஷ்டம். உடம்பு குளிர நேரமே கிடைக்காது.

இந்த வேலை உடம்பிடம் கேட்பது என்ன

இதைச் சரியாகப் புரிந்துகொள்ளாமல்தான் பலர் தினமும் ஐந்து கிலோமீட்டர் ஓடி ஓய்ந்துபோகிறார்கள். ஆம்புலன்ஸில் யாரும் ஐந்து கிலோமீட்டர் ஓடுவதில்லை. குளிர்ந்த வண்டியில் பதினைந்து நிமிடம் உட்கார்ந்திருப்பீர்கள். கதவைத் திறந்தால் கொதிக்கும் தார்ச்சாலை. தோளில் மருந்துப் பை, ஒரு கையில் ஆக்சிஜன் சிலிண்டர், மறுகையில் மானிட்டர். லிஃப்ட் இல்லாத பழைய கட்டடத்தில் மூன்று மாடி ஏற வேண்டும். மேலே போனதும் மூச்சு வாங்க நேரமில்லாமல் மண்டியிட்டு, நின்றுபோன இதயத்துக்காக நெஞ்சை அழுத்தும் சிபிஆர் தொடங்க வேண்டும். நிமிடத்துக்கு 100 முதல் 120 அழுத்தம், ஒவ்வொன்றும் 5 முதல் 6 செண்டிமீட்டர் ஆழம், இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாற வேண்டும். அப்புறம் அதே நோயாளியை நாற்காலியில் கட்டி, படி படியாகக் கீழே இறக்க வேண்டும். மின்சாரத்தில் உயரும் ஸ்ட்ரெச்சர் மட்டுமே ஐம்பது கிலோவைத் தாண்டும். நீளக் கால்சட்டை, பூட்ஸ், பளபளக்கும் சட்டை என்று உடையும் சூட்டை வெளியே விடாது. ஷிஃப்ட் 12 மணி நேரம் என்றால் இது ஒரே நாளில் பலமுறை நடக்கும்.

ஆக, தேவைப்படுவது நான்கு. தூக்கும் பலம், படி ஏறும் மூச்சு, களைத்த பிறகும் கை நடுங்காமல் வேலை செய்யும் தெம்பு, வெப்பத்தைத் தாங்கும் பழக்கம். முதல் மூன்றும் ஒரு வகை, நான்காவது தனி வகை. எல்லாவற்றையும் ஒரே பயிற்சியில் அடைத்துவிடலாம் என்று நினைக்கும்போதுதான் தவறான தேர்வு நடக்கிறது.

வேலைக்கு எடுக்கும்போது நடக்கும் உடல்தகுதிச் சோதனை சேவைக்குச் சேவை மாறும். சில இடங்களில் பீப் ஒலிக்கு ஏற்ப இங்குமங்கும் திரும்பி ஓடும் பீப் ஓட்டம், சில இடங்களில் எடை தூக்கி நடப்பது, சில இடங்களில் செஸ்டர் படிச் சோதனை. கடைசியில் சொன்னது, 30 செண்டிமீட்டர் வரை உயரமுள்ள ஒரு படியில் ஏறி இறங்குவது. நிமிடத்துக்கு 15 முறையில் தொடங்கி இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை ஐந்து ஐந்தாகக் கூட்டி 35 வரை போவார்கள். மொத்தம் பத்து நிமிடம். கேட்க எளிதாகத் தெரியும், நான்காவது கட்டத்தில் தொடை எரியும். உங்களுக்கு எந்தச் சோதனை என்பதை முதல் வேலையாகக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

ஏசி ஜிம்

முதுகெலும்பாக நான் சொல்வது இதைத்தான். குளிர்ச்சியான இடத்தில்தான் உடம்பை முழு வேகத்துக்குக் கொண்டுபோக முடியும். வெப்பத்தில் ஓடும்போது ரத்தத்தில் ஒரு பங்கு தோலைக் குளிர்விக்கப் போய்விடுகிறது, தசைக்குக் கிடைப்பது குறைகிறது. அதே வேகத்துக்கு இதயம் நிமிடத்துக்குப் பத்து துடிப்புக்கு மேல் கூடுதலாகத் துடிக்கும். நீங்கள் கடுமையாக உழைப்பதாகத் தோன்றும், தசையோ அரைவேலைதான் செய்திருக்கும். மூச்சுத்திறனும் பலமும் வளர வேண்டுமென்றால் தசைக்கு முழுவேலை கொடுக்க வேண்டும். அதற்கு 22 டிகிரி அறைதான் நல்லது.

ஜிம்முக்குப் போகிறவர்கள் நேரே ட்ரெட்மில்லில் ஏறி நிற்பதில் எனக்கு உடன்பாடில்லை. ஆம்புலன்ஸ் வேலையில் அதிகம் அடிபடுவது முதுகு. டெட்லிஃப்ட் கற்றுக்கொள்ளுங்கள். இடுப்பை மடித்து, முதுகை நேராக வைத்து, எடையை உடம்போடு ஒட்டித் தூக்கும் அந்த அசைவுதான் ஸ்ட்ரெச்சர் தூக்கும் அசைவு. குறைந்த எடையில், தெரிந்தவர் ஒருவர் பக்கத்தில் நின்று பார்க்கும்படி தொடங்குங்கள். இரண்டு கையிலும் டம்பெல் பிடித்து நடப்பது, எடையோடு பெட்டி மேல் ஏறி இறங்குவது, ரோயிங், பிளாங்க். இவை போதும். கண்ணாடி முன் நின்று கைத்தசையை மட்டும் பெருக்குவது இந்த வேலைக்கு அதிகம் உதவாது.

ட்ரெட்மில்லை இடைவெளி ஓட்டத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு நிமிடம் வேகம், இரண்டு நிமிடம் மெதுநடை, ஆறு முறை. அல்லது சாய்வை ஏற்றிவிட்டு முதுகில் பையோடு வேகநடை. பீப் சோதனை இருப்பவர்கள் மட்டும் திரும்பித் திரும்பி ஓடும் பயிற்சியைத் தனியாகச் செய்ய வேண்டும், ட்ரெட்மில் அதைத் தராது.

நிறுவனக் குடியிருப்பில் ஜிம் இருந்தால் பணமும் மிச்சம், நேரமும் மிச்சம். இல்லாவிட்டாலும் கவலை வேண்டாம். வளைகுடாவில் ஒவ்வொரு ரூமிலும் இருக்கும் ஐந்து கேலன் தண்ணீர் கேன் நிரம்பியிருந்தால் ஏறத்தாழ 19 கிலோ. கைக்கு ஒன்றாக இரண்டைத் தூக்கிக்கொண்டு தாழ்வாரத்தில் நடந்து பாருங்கள், ஜிம் இல்லாத குறை தெரியாது.

ஜிம்மின் ஒரே குறை, அது வெப்பத்தைப் பழக்காது. கடுமையாக உழைத்து வியர்ப்பவருக்கு ஓரளவு உதவும், உடல்தகுதி உள்ளவர் வெப்பத்துக்கு வேகமாகவும் பழகுவார். ஆனால் ஏசியில் மட்டும் மூன்று மாதம் தயாரானவரை ஆகஸ்ட் மதியத்தில் மூன்று மாடி ஏறச் சொன்னால் அவர் நோயாளியாகும் ஆபத்து உண்டு.

கார்னிஷ்: அதிகாலையா, இரவா

"விடியற்காலையில் ஓடு, குளுமையாக இருக்கும்" என்பது ஊர் அறிவுரை. ஊருக்கு அது பொருந்தும். தோஹா கோடைக்கு அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது.

கடலோர வளைகுடா நகரங்களில் ஈரப்பதம் உச்சத்தில் இருப்பது விடிகாலையில்தான். ஆகஸ்ட் மாதம் காலை ஐந்து மணிக்கு, தோஹாவின் கடலோர நடைபாதையான கார்னிஷில் நின்றால் வெப்பமானி 31 அல்லது 32 காட்டும். எண்ணைப் பார்த்தால் பரவாயில்லை என்று தோன்றும். ஆனால் காற்றில் ஈரம் நிரம்பியிருப்பதால் வியர்வை ஆவியாகாது, வழிந்து சொட்டும். சொட்டும் வியர்வை உடம்பைக் குளிர்விப்பதில்லை, ஆவியாகும் வியர்வைதான் குளிர்விக்கும். மாலை ஏழு மணிக்கு வெப்பமானி 37 காட்டினாலும் ஈரம் சற்றுக் குறைவாகவும் காற்றோட்டம் இருப்பதாகவும் பல நாள் உணரலாம். அதனால் எண்ணை மட்டும் பார்த்து முடிவெடுக்காதீர்கள். வெப்பம், ஈரம், வெயில், காற்று நான்கையும் சேர்த்துக் கணக்கிடும் ஈரக்குமிழ் கோள வெப்பநிலை (WBGT) என்று ஓர் அளவு உண்டு. கத்தார் அரசு 2021-இல் கொண்டுவந்த விதிப்படி அந்த அளவு 32.1 டிகிரியைத் தாண்டினால் வெளிப்புற வேலை எதுவாக இருந்தாலும் நிறுத்த வேண்டும். ஜூன் 1 முதல் செப்டம்பர் 15 வரை காலை 10 மணியிலிருந்து மாலை 3:30 வரை திறந்தவெளி வேலையே கூடாது. பயிற்சிக்கும் இதே எல்லையை வைத்துக்கொள்ளுங்கள். வேலையில் சேர்ந்த பிறகு நண்பகலில் அழைப்பு வந்தால் போகத்தான் வேண்டும். பயிற்சியில் அந்தக் கட்டாயம் இல்லை.

இரவு என்றால் பாதுகாப்பு என்றும் நினைத்துவிட முடியாது. 2019 உலகத் தடகளப் போட்டியில் பெண்கள் மாரத்தானை வெப்பத்துக்குப் பயந்து நள்ளிரவில், இதே கார்னிஷில்தான் நடத்தினார்கள். செப்டம்பர் மாதக் கடைசி. வெப்பம் 32 டிகிரிக்கு மேல், ஈரப்பதம் 70 சதவீதத்துக்கு மேல். ஓடத் தொடங்கிய 68 பேரில் 28 பேரால் முடிக்க முடியவில்லை. உலகின் தலைசிறந்த ஓட்டக்காரர்கள் அவர்கள். சூரியன் இல்லை என்பது ஒரு காரணி மட்டுமே.

அப்படியென்றால் எதைத் தேர்ந்தெடுப்பது? மாதத்தைப் பாருங்கள். நவம்பர் முதல் மார்ச் வரை அதிகாலை அருமை. ஜனவரியில் காலை 14 டிகிரி வரை இறங்கும், எவ்வளவு வேண்டுமானாலும் ஓடலாம். ஏப்ரல், மே மாதங்களிலும் அதிகாலைதான். ஜூன், ஜூலையில் வடமேற்கிலிருந்து ஷமால் காற்று வீசும் நாட்களில் ஈரம் குறையும், புழுதி இல்லாவிட்டால் அதிகாலை நடை நன்றாகவே இருக்கும். சூரியன் ஜூனில் காலை ஐந்து மணிக்கு முன்பே எழுந்துவிடும் என்பதால் நான்கு மணிக்கே கிளம்ப வேண்டியிருக்கும். ஆகஸ்ட், செப்டம்பரில் இரண்டு நேரமும் ஓட்டத்துக்கு உதவாது. அந்த இரண்டு மாதத்தில் கார்னிஷ் என்பது வெப்பம் பழகுவதற்கான நடைபாதை மட்டுமே. அங்கே வேகத்தைத் தேடாதீர்கள். பேசிக்கொண்டே போக முடிகிற வேகம் போதும். கடிகாரத்தில் வேகம் குறைந்து தெரிவதைப் பார்த்து வருத்தப்படவும் வேண்டாம்.

ஷிஃப்ட் வேலையில் இருப்பவர்களுக்கு இன்னொன்று. இரவு ஷிஃப்ட் முடித்துவிட்டு "அப்படியே ஓடிவிட்டுத் தூங்கலாம்" என்று அதிகாலை ஓட்டத்துக்குப் போகாதீர்கள். தூக்கமின்மை வெப்பத் தாக்கத்தின் ஆபத்தைக் கூட்டும். காய்ச்சலோ வயிற்றுப்போக்கோ வந்து போய் இரண்டு மூன்று நாள் ஆகாதவர்களுக்கும், ரத்த அழுத்தத்துக்கு நீர் பிரியும் மாத்திரை எடுப்பவர்களுக்கும், சளிக்கு ஒவ்வாமை மாத்திரை போட்டிருப்பவர்களுக்கும் இது பொருந்தும். மாத்திரை எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் வெப்பப் பயிற்சியைத் தொடங்கக் கூடாது.

ரியாத் போல உள்நாட்டு நகரத்துக்குப் போகிறவர்களுக்குக் கணக்கே வேறு. அங்கே கோடையில் காற்று மிகவும் வறண்டது, பகல் 43 டிகிரியைத் தாண்டும், விடிகாலை 30-க்குக் கீழே இறங்கும். அங்கே அதிகாலைதான் சந்தேகமில்லாமல் சிறந்தது. ஆனால் வியர்வை உடனே காய்ந்துவிடுவதால் எவ்வளவு நீர் போகிறது என்றே தெரியாது. தாகத்தை நம்பாமல் குடிக்க வேண்டியது அங்கேதான்.

மாடிப்படி

பலரும் கண்டுகொள்ளாத வழி இது. எனக்கு மிகவும் பிடித்ததும் இதுதான். குடியிருப்புக் கட்டடத்தின் அவசர வழிப் படிக்கட்டில் பெரும்பாலும் ஏசி இருக்காது. வெயில் படாது. காற்று அசையாது. வெளியே போல் சுடாமல், அறை போல் குளிராமல் மிதமான புழுக்கம். வேலையில் நீங்கள் ஏறப்போவதும் இதே போன்ற படிகள்தான். மூச்சுப் பயிற்சி, தொடைப் பலம், வெப்பப் பழக்கம் மூன்றும் ஒரே இடத்தில் அளவாகக் கிடைக்கின்றன. பணம் செலவில்லை. மூச்சு முட்டினால் இரண்டு எட்டில் ஏசி தாழ்வாரத்துக்கு வந்துவிடலாம். கார்னிஷின் நடுவில் அந்த வசதி இல்லை.

செய்யும் முறை இது. முதல் வாரம் வெறும் கையோடு நான்கைந்து மாடி ஏறி, மெதுவாக இறங்கி, மொத்தம் பதினைந்து இருபது நிமிடம். இறங்கும்போது கைப்பிடி பக்கமாகவே இறங்குங்கள், முழங்கால் வலி வருவது இறக்கத்தில்தான். அடுத்த வாரம் முதுகில் ஐந்து கிலோ பை. அதற்கடுத்து எட்டு, பத்து. நன்றாகப் பழகிய பிறகு மேலே போய்ச் சேர்ந்ததும் மண்டியிட்டு, கெட்டியான மெத்தைத் தலையணை மேல் இரண்டு நிமிடம் சிபிஆர் அழுத்தம் கொடுங்கள். போனில் 110 தாளத்தில் மெட்ரோனோம் ஓடட்டும். முப்பதாவது நொடியிலேயே தாளம் தவறுவதைக் கவனிப்பீர்கள். அங்கேதான் உண்மையான பயிற்சி தொடங்குகிறது. பயிற்சி மையத்தில் பொம்மை கிடைத்தால் ஆழத்தையும் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

எச்சரிக்கை இரண்டு. சில கட்டடங்களில் அவசர வழிக் கதவு படிக்கட்டுப் பக்கமிருந்து திறக்காது, தரைத்தளம் வரை இறங்கினால்தான் வெளியே வர முடியும். முதலில் அதைப் பாருங்கள். காவலாளியிடம் சொல்லிவிட்டுச் செய்யுங்கள். தனியாகச் செய்யாதீர்கள், ரூம்மேட் ஒருவராவது கூட வரட்டும் அல்லது எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்று அவருக்குத் தெரிந்திருக்கட்டும். ஆட்கள் வந்துபோகாத படிக்கட்டில் மயங்கினால் கண்டுபிடிக்க நேரமாகும்.

மற்றவை

தோஹாவில் உம்முல் சனீம் பூங்காவில் 1,143 மீட்டர் நீளத்துக்கு ஏசி பொருத்திய ஓடுபாதை இருக்கிறது. கோடையில் திறந்தவெளி உணர்வோடு ஓட அதைவிட நல்ல இடம் இல்லை. துபாயில் 2025 ஆகஸ்டில் பெரிய மால்களைக் காலை 7 முதல் 10 வரை நடப்பவர்களுக்கும் ஓடுபவர்களுக்கும் திறந்துவிட்டார்கள். இரண்டுமே ஜிம்முக்கு மாற்று, வெப்பத்துக்கு மாற்று இல்லை. ட்ரெட்மில் அலுத்துப்போனவர்கள் தாராளமாகப் போகலாம்.

நீச்சல் மூட்டுக்கு நல்லது, மூச்சுக்கும் நல்லது. குளிரூட்டாத குளத்துத் தண்ணீர் கோடையில் வெதுவெதுப்பாகிவிடும், அதில் வேகமாக நீந்த வேண்டாம். ஆம்புலன்ஸ் வேலைக்கு இது துணைப் பயிற்சிதான்.

வெந்நீர்க் குளியல் ஒரு வழி. ஏசியில் 40 நிமிடம் மிதமாக ஓடிவிட்டு, உடனே 40 டிகிரி வெந்நீரில் கழுத்து வரை 40 நிமிடம் வரை உட்கார்வதை ஆறு நாள் தொடர்ந்து செய்தவர்களுக்கு வெப்பம் தாங்கும் திறன் கூடியதை வேல்ஸில் நடந்த ஆய்வு காட்டியிருக்கிறது. குளிர்காலத்தில் வந்து சேர்ந்து, வெளியே வெப்பமே இல்லாதவர்களுக்கு இது பயன்படும். ஊரிலிருந்து கிளம்பும் முன்பே தயாராக நினைப்பவர்களுக்கும் பயன்படும். ஆனால் தொட்டியிலிருந்து சட்டென்று எழுந்தால் தலை சுற்றி விழ வாய்ப்புண்டு. பக்கத்தில் ஆள் இல்லாமல் செய்யக் கூடாது. இதயக் கோளாறோ ரத்த அழுத்தமோ இருப்பவர்கள் தொடவே வேண்டாம்.

எப்போது வருகிறீர்கள் என்பதே முடிவைத் தீர்மானிக்கும்

வரும் மாதத்தைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு உங்களிடம் இருந்தால் அக்டோபர் கடைசியிலோ நவம்பரிலோ வாருங்கள். ஐந்து மாதம் வெளியே ஓடி, ஜிம்மில் பலம் ஏற்றி, ஏப்ரலிலிருந்து ஏறும் வெப்பத்தோடு உடம்பும் தானாகப் பழகும். இவர்களுக்குத் தனியாக வெப்பப் பயிற்சியே தேவைப்படாது, ஏசிக்குள் ஒளிந்துகொள்ளாமல் இருந்தால் போதும்.

ஜூன் முதல் செப்டம்பருக்குள் வந்து இறங்குகிறவர்களுக்கு என் பரிந்துரை வேறு. வாரத்தில் மூன்று நாள் ஏசி ஜிம், அதில் இரண்டு நாள் பலத்துக்கு, ஒரு நாள் இடைவெளி ஓட்டத்துக்கு. இதோடு முதல் இரண்டு வாரம் தினமும் வெப்பத்தில் கொஞ்ச நேரம். முதல் நாள் 20 நிமிட நடை, பிறகு நாளுக்கு ஐந்து நிமிடம் கூட்டி ஒரு மணி நேரத்தில் நிறுத்திக்கொள்ளலாம். மாலையோ மாடிப்படியோ, உங்களுக்கு வசதியானது. ஒரு நாள் விட்டால் பரவாயில்லை, தொடர்ந்து மூன்று நான்கு நாள் விட்டால் பழகியது கரையத் தொடங்கும். இரண்டு வாரத்துக்குப் பிறகு வாரத்துக்கு இரண்டு மூன்று முறை வெப்பத்தில் இயங்கினால் பழக்கம் நிற்கும். ஜிம்மில் கடுமையாக உழைத்த நாளில் வெப்பத்தில் நடை மட்டும். இரண்டையும் ஒரே நாளில் கடுமையாக்காதீர்கள்.

வேலையில் சேர்ந்த முதல் வாரத்துக்கும் இதே நியாயம்தான். வெப்பத்தில் புதிதாக வேலை செய்பவருக்கு முதல் நாள் முழு வேலையில் 20 சதவீதம், பிறகு நாளுக்கு 20 சதவீதம் கூட்ட வேண்டும் என்பது அமெரிக்கத் தொழில்சார் பாதுகாப்பு நிறுவனமான நியோஷின் பரிந்துரை. ஆம்புலன்ஸில் அப்படி வேலையைப் பிரித்துக் கொடுக்க முடியாது. அதனால்தான் முன்பே பழகியிருக்க வேண்டும் என்று இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

ரமலான் மாதத்தில் நோன்பு இருப்பவர்கள் பலப் பயிற்சியை இஃப்தாருக்குப் பிறகு இரண்டு மணி நேரம் விட்டு வைத்துக்கொள்ளுங்கள். பகல் வெப்பப் பயிற்சியை அந்த மாதம் நிறுத்திவிடுங்கள்.

தண்ணீரும் உப்பும்

வெப்பத்தில் மணிக்கு ஒரு லிட்டர் முதல் ஒன்றரை லிட்டர் வியர்ப்பது சாதாரணம். உங்கள் கணக்கு என்ன என்பதைத் தெரிந்துகொள்ள ஒரே வழி, பயிற்சிக்கு முன்னும் பின்னும் எடை பார்ப்பது. ஒரு கிலோ குறைந்தால் ஒரு லிட்டர் போயிருக்கிறது. அடுத்த சில மணி நேரத்தில் அதற்கு ஒன்றரை மடங்கு வரை குடித்து ஈடு செய்யுங்கள். எடை கூடியிருந்தால் தேவைக்கு மேல் குடித்திருக்கிறீர்கள். வெறும் தண்ணீரை லிட்டர் லிட்டராகக் குடித்து ரத்தத்தில் சோடியம் குறைந்துபோவதும் ஆபத்தானதே. தலைவலி, வாந்தி, குழப்பம் என்று அதுவும் வெப்பத் தாக்கம் போலவே தெரியும்.

ஒரு மணி நேரத்துக்குள் முடியும் பயிற்சிக்குத் தண்ணீரும் வழக்கமான சாப்பாடும் போதும். அதைத் தாண்டினாலோ, காய்ந்த சட்டையில் வெள்ளையாக உப்புக் கறை படிந்தாலோ ஓஆர்எஸ் கரைத்துக் குடியுங்கள். உப்புப் போட்ட மோரும் நல்லதுதான். இங்கே எல்லாக் கடையிலும் லபன் கிடைக்கும், தண்ணீரும் உப்பும் சேர்த்தால் நம் நீர்மோர். எனர்ஜி டிரிங்க் வேண்டாம், அதில் இருக்கும் காஃபின் ஏற்கெனவே வேகமாகத் துடிக்கும் இதயத்தை இன்னும் விரட்டும்.

எப்போது நிறுத்துவது

தலை கிறுகிறுத்தல், குமட்டல், தசைப்பிடிப்பு, வெப்பத்திலும் சிலிர்ப்பு. இவற்றில் ஒன்று வந்தாலும் அன்றைய பயிற்சி முடிந்தது. நிழலுக்கு வந்து, சட்டையைத் தளர்த்தி, தண்ணீர் ஊற்றிக்கொண்டு, காற்றுப் படும்படி இருங்கள். மறுநாள் சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் போனால் தசை சிதைந்திருக்கலாம், அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

கூட வந்தவர் சம்பந்தமில்லாமல் பேசினால், தள்ளாடினால், காரணமில்லாமல் கோபப்பட்டால் அதை வெப்பத் தாக்கமாகவே எடுத்துக்கொள்ளுங்கள். "வியர்த்துக்கொண்டுதானே இருக்கிறார்" என்று அசட்டையாக இருந்துவிடாதீர்கள். உழைப்பினால் வரும் வெப்பத் தாக்கத்தில் உள்வெப்பம் 40 டிகிரியைத் தாண்டிய பிறகும் வியர்வை வழியும். 999-ஐ அழையுங்கள். வண்டி வரும்வரை காத்திருக்காமல் குளிர்விக்கத் தொடங்குங்கள். ஐஸ் தண்ணீர் நிரப்பிய தொட்டி கிடைத்தால் கழுத்து வரை அதில் இருத்தி, தலை மூழ்காமல் பிடித்துக்கொள்ளுங்கள். கிடைக்காவிட்டால் உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி, ஐஸில் நனைத்த துணிகளை மாற்றி மாற்றிப் போட்டு விசிறுங்கள். முதலில் குளிர்விப்பது, பிறகு கொண்டுபோவது. நாளை நீங்களே நோயாளிக்குச் செய்யப்போகும் முதல் சிகிச்சையும் இந்த வரிசையில்தான்.

சோதனைக்கு ஒரு வாரம்தான் இருக்கிறது என்று கேட்பவர்களும் உண்டு. ஒரு வாரத்தில் பலம் கூடாது, அதனால் புதிதாக எதையும் தூக்காதீர்கள். சோதனை உள்ளரங்கில் என்றால் ஐந்து நாள் இலகுவாக ஓடி, படி ஏறி, கடைசி இரண்டு நாள் ஓய்வெடுங்கள். வெளியே என்றால் அந்த ஐந்து நாளும் சோதனை நடக்கும் நேரத்திலேயே 20 நிமிடத்தில் தொடங்கி 40 நிமிடம் வரை கூட்டி நடங்கள், முழுப் பழக்கம் வராவிட்டாலும் இதயத்துக்கு ஓரளவு உதவும். சோதனைக்கு முந்தைய இரவு நன்றாகத் தூங்குங்கள். விடுமுறைக்கு ஊருக்குப் போய் ஒரு மாதம் கழித்து ஜூலையில் திரும்பும் பழைய ஆட்களும் இதே ஐந்து நாள் நடையை ஷிஃப்டுக்கு முன் முடித்துக்கொள்வது நல்லது. லீவு தேதி போடும்போதே அதற்கும் சேர்த்துக் கேளுங்கள்.